ஓர்வியேத்தோ: பாறைமேல் நிற்கும் 'பழைய ஊர்' – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்குப் பழைய பாதையில் ரயில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணத்தில் இடதுபக்க ஜன்னலில் ஒரு பாறை தெரியும். சுற்றிலும் வயல், திராட்சைத் தோட்டம். நடுவில் செங்குத்தாக எழும்பி நிற்கும் மஞ்சள் பாறை, அதன் தலையில் ஒரு முழு ஊர். அதுதான் ஓர்வியேத்தோ. அந்த ஊரின் நில அமைப்பைப் பற்றியும், ரோமானியருக்கு முந்தைய வரலாற்றைப் பற்றியும் பலரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரின் பேராலயத்தைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்குப் பாறையும் அதில் முதலில் குடியேறியவர்களும்தான் ஆர்வம். அதனால் பதில்கள் அந்தப் பக்கமே சாயும்.

ஓர்வியேத்தோ சரியாக எங்கே இருக்கிறது?

நடு இத்தாலியில், உம்பிரியா பிரதேசத்தின் தென்மேற்கு மூலையில், தெர்னி மாகாணத்தில். உம்பிரியாவுக்குக் கடற்கரை கிடையாது. பாறையின் அடியில் பாலியா என்ற ஆறு ஓடுகிறது. பக்கத்திலேயே கியானி என்ற இன்னொரு ஆறு அதில் வந்து சேர்கிறது. பாலியா சற்றுத் தள்ளிப் போய் டைபரில் கலக்கிறது. டைபர்தான் ரோமுக்கு நடுவே ஓடும் ஆறு. ஆகவே வடக்கிலிருந்து ரோமுக்குப் போக விரும்பிய பலரும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனார்கள். இன்றைக்கும் அதே கதைதான். இத்தாலியின் முதுகெலும்பு என்று சொல்லத்தக்க ஏ1 நெடுஞ்சாலையும், ரோம்–ஃபுளோரன்ஸ் ரயில் பாதையும் இந்தப் பாறையின் காலடியில்தான் போகின்றன.

ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலைவாசஸ்தலம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். ஊட்டி, கொடைக்கானலோடு பார்த்தால் இது ஒரு மேடு. ஆனால் பக்கவாட்டுச் சுவர்கள் செங்குத்தாக இருப்பதால் கீழிருந்து பார்க்கும்போது அண்ணாந்து பார்க்க வைக்கிறது.

படத்தில் பார்த்தால் கத்தியால் வெட்டி எடுத்துவைத்த மாதிரி இருக்கிறதே, அந்தப் பாறை எப்படி உருவானது?

இரண்டு அடுக்குக் கதை இது. அடியில் இருப்பது களிமண். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடலடியாக இருந்தது. அப்போது படிந்த வண்டல்தான் இன்றைய களிமண் மேடுகள்.

மேலே இருப்பது எரிமலை தந்தது. தென்மேற்கே இன்று போல்சேனா ஏரி இருக்கும் இடத்தில் ஒரு எரிமலைக் கூட்டம் இருந்தது. சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தபோது வந்தது குழம்பு அல்ல. சாம்பலும் நுரைக்கல்லும் கொதிக்கும் வாயுவும் சேர்ந்த ஒரு கலவை, தரையோடு தரையாகப் பாய்ந்து வந்து பள்ளங்களை நிரப்பியது. ஆறியதும் அது இறுகிக் கல்லானது. இத்தாலியில் அந்தக் கல்லைத் தூஃபோ என்கிறார்கள். பிறகு ஆறுகளும் மழையும் சுற்றியிருந்ததை அரித்துக்கொண்டு போக, மிச்சம் நின்ற துண்டுதான் ஓர்வியேத்தோ. ஒன்றரை கிலோமீட்டர் நீளமிருக்கும், அகலம் அதில் பாதி. ஓரங்களில் சில இடங்களில் 50 மீட்டருக்கும் மேல் நேராக இறங்கும் சுவர்.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கல்லின் குணம். எதிரி ஏற முடியாத அளவுக்கு நிமிர்ந்து நிற்கும், ஆனால் ஒரு சாதாரண இரும்புக் கோடரியால் குடைந்துவிடலாம். கட்டடத்துக்குக் கல், கிணறு, நிலவறை எல்லாமே காலடியிலேயே கிடைத்துவிடும். சில இடங்களில் கல் சரியாக இறுகாமல் மண்ணாகவே உதிரும். அந்த எரிமலை மண்ணுக்குப் பொட்சோலானா என்று பெயர். சுண்ணாம்போடு கலந்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் சாந்து கிடைக்கும். ரோமானியர் கட்டிய துறைமுகங்களின் ரகசியமே இந்த வகை மண்தான்.

களிமண்மேல் கனமான பாறை உட்கார்ந்திருக்கிறது என்றால், ஊர் சரிந்துவிடாதா?

சரிந்துகொண்டுதான் இருந்தது. களிமண்ணில் ஈரம் ஏறினால் வழுக்கும். அடி நகரும்போது மேலே இருக்கும் பாறையின் ஓரம் விரிசல் விட்டுப் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். 1900-இல் ஒரு பெரிய சரிவு. 1970-களில் மறுபடி அடுத்தடுத்துச் சரிவுகள். ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்த காரணங்களில் ஒன்று கொஞ்சம் சங்கடமானது. ஊரின் பழைய சாக்கடைக் குழாய்களும் குடிநீர்க் குழாய்களும் ஒழுகிப் பாறைக்குள் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தன. ஊர் தன் காலைத் தானே நனைத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

1978-இல் இத்தாலிய நாடாளுமன்றம் ஓர்வியேத்தோவையும் பக்கத்திலிருக்கும் தோதியையும் காப்பாற்றவென்றே தனிச் சட்டம் இயற்றியது. நீண்ட எஃகுக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தித் தைத்தார்கள், குழாய்களை மாற்றினார்கள், சரிவுகளில் வடிகால் அமைத்தார்கள். இன்றும் கருவிகளை வைத்துப் பாறையின் அசைவைக் கண்காணிக்கிறார்கள்.

இதெல்லாம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் சீவிதா தி பாஞ்ஞொரேஜோவுக்குப் போகலாம். தெற்கே சற்றுத் தொலைவில் இருக்கிறது. அதே களிமண், அதே எரிமலைக் கல். ஆனால் பாறை கரைந்து கரைந்து, ஊர் சின்னத் தீவாகச் சுருங்கிவிட்டது. ஒரு நடைபாலம் வழியாக மட்டுமே உள்ளே போக முடியும். 'சாகும் ஊர்' என்றே அதற்குப் பட்டப்பெயர்.

மேலே தண்ணீருக்கு என்ன செய்தார்கள்?

முற்றுகை வந்தால் முதலில் தீர்வது தண்ணீர்தான். மழைநீர் பாறை வழியாக இறங்கிக் களிமண்ணைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. ஆகவே நல்ல ஊற்று வேண்டுமானால் பாறை முழுவதையும் துளைத்து இறங்க வேண்டும். ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எட்ரஸ்கர் காலத்துக் கிணறுகள் நீள்சதுரமாக, ஓர் ஆள் முதுகைச் சுவரில் சாய்த்து இறங்கும் அளவுக்கு மட்டுமே குறுகலாக இருக்கும். இரு பக்கச் சுவரிலும் கால்வைக்கக் குழிகள் வெட்டியிருப்பார்கள். மழைநீர்த் தொட்டிகளும் நிறைய.

எல்லோருக்கும் தெரிந்த கிணறு இதற்கு வெகு காலம் பிந்தையது. 1527-இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படை ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி வந்து தங்கியது இந்தப் பாறையில். இங்கேயும் முற்றுகை வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், இளைய அந்தோனியோ தா சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் ஒரு கிணறு வெட்டச் சொன்னார். சான் பத்ரீசியோ கிணறு என்று பிற்பாடு பெயர் பெற்ற அது 53 மீட்டர் ஆழம். சுற்றிலும் இரண்டு சுழல் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படிகள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே சந்திக்காது. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒரு வழியாக இறங்கி, கீழே ஒரு சிறு பாலத்தைத் தாண்டி, மறு வழியாக ஏறிவிடும். எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. கிணற்றின் நடுவிலிருந்து வெளிச்சம் வர 72 ஜன்னல்கள். வேலை முடிந்தது 1537-இல். கிளெமென்ட் 1534-இலேயே இறந்துவிட்டார். அவர் அந்தத் தண்ணீரைக் குடிக்கவே இல்லை.

ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது என்கிறார்களே?

ஊர் என்பது கொஞ்சம் மிகை. ஆனால் சுமார் 1,200 குகைகள், சுரங்கங்கள், அறைகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்வளவு சின்னப் பாறைக்கு இது அதிகம்தான். கிணறு, தொட்டி, எண்ணெய்ச் செக்கு, ஒயின் கிடங்கு, எரிமலை மண் தோண்டிய சுரங்கம், இரண்டாம் உலகப்போரில் குண்டுக்குப் பதுங்கிய இடம் என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்குக் குடைந்திருக்கிறது. பாறை விளிம்பில் சுவர் முழுக்கச் சதுரப் பொந்துகள் உள்ள அறைகளைப் பார்க்கலாம். அவை புறாக்கூடுகள். வெளியே ஒரு ஜன்னல் திறந்திருக்கும். புறா தானே போய் மேய்ந்துவிட்டுத் திரும்பிவரும். தீவனச் செலவில்லாத கறி. ஊரின் உணவகங்களில் இன்றும் புறாக்கறி உண்டு.

குடைந்து எடுத்த கல்லில்தான் மேலே வீடு கட்டினார்கள். ஆக, நீங்கள் தெருவில் பார்க்கும் ஒவ்வொரு பழைய வீட்டுக்கும் ஈடாக அடியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது என்று தாராளமாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

'ஓர்வியேத்தோ' என்றால் என்ன பொருள்?

லத்தீனில் 'உர்ப்ஸ் வேத்துஸ்', அதாவது 'பழைய ஊர்'. அது தேய்ந்துதான் ஓர்வியேத்தோ ஆனது. ஒரு ஊருக்குப் 'பழைய ஊர்' என்று பெயர் வந்தால் எங்கோ ஒரு புதிய ஊர் இருக்க வேண்டும், இல்லையா? இருந்தது. அந்தப் புதிய ஊர் இந்த ஊரின் சொந்தப் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்படியானால் இதன் சொந்தப் பெயர் என்ன?

எட்ரஸ்க மொழியில் வெல்ஸ்னா. ரோமானியர் அதை வோல்சீனி என்று எழுதினார்கள். எட்ரஸ்கர் என்பவர்கள் ரோம் தலையெடுப்பதற்கு முன்பே, ஏறத்தாழ இன்றைய டஸ்கனி, மேற்கு உம்பிரியா, வடக்கு லாத்ஸியோ பகுதிகளில் வாழ்ந்தவர்கள். ஒரே அரசு கிடையாது. தனித்தனி நகர அரசுகள், அவற்றில் பன்னிரண்டு சேர்ந்த ஒரு கூட்டணி. கிரேக்க எழுத்தை வாங்கித் தங்கள் மொழியை வலமிருந்து இடமாக எழுதினார்கள். அந்த மொழி லத்தீனுக்கும் கிரேக்கத்துக்கும் உறவில்லாதது. எழுத்துகளைச் சத்தம் போட்டு வாசிக்க முடியும். பெயர்கள், உறவுமுறைகள், எண்கள், காணிக்கைச் சொற்கள் ஓரளவு புரியும். நீண்ட வாசகம் வந்தால் திணறல்தான். அவர்களுடைய இலக்கியம் எதுவும் மிஞ்சவில்லை. அதனால் அவர்கள் வரலாறு நமக்கு வருவது பெரும்பாலும் ரோமானியர் வாய்வழியாக. இதைக் கீழே வரும் அடிமைகள் கதையைப் படிக்கும்போது மறந்துவிடக் கூடாது.

வெல்ஸ்னா இந்த ஊர்தான் என்பது உறுதியா?

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்றரை நூற்றாண்டு சண்டை நடந்தது. வோல்சீனி என்ற பெயர் தெளிவாக ஒட்டிக்கொண்டிருப்பது ஏரிக்கரையிலுள்ள போல்சேனாவில்தான். ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஓட்ஃபிரீட் முல்லர்தான் 1828-இல் வேறு மாதிரி யோசித்தார். ரோமானியர் பழைய வோல்சீனியை இடித்து, மக்களை வேறிடத்தில் குடியேற்றினார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. அப்படியென்றால் போல்சேனா புதியது, பழையது 'பழைய ஊர்' என்ற பெயரோடு நிற்கும் ஓர்வியேத்தோ என்றார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் போல்சேனாவில் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. அங்கே கிடைத்த கோட்டைச் சுவர்களைக் காட்டி எட்ரஸ்க வோல்சீனியும் அதுதான் என்று வாதாடினார்கள்.

கடைசியில் தராசு முல்லர் பக்கமே சாய்ந்தது. ஓர்வியேத்தோவின் கல்லறைகள், கோயில்கள், செல்வம் எல்லாம் கி.மு. 6, 5-ஆம் நூற்றாண்டுகளில் ஒரு பெருநகருக்கு உரியவை. பிறகு கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் மலைமேல் எல்லாம் சட்டென்று நின்றுவிடுகிறது. நூல்கள் சொல்லும் அழிவு ஆண்டோடு அது பொருந்துகிறது.

பாறையடியில் 'கல்லறைத் தெரு' இருக்கிறதாமே?

இருக்கிறது. குரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ என்ற இடம், பாறையின் வடக்குப் பக்கம். ஓர்வியேத்தோவில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன், பேராலயத்தை அல்ல.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கட்டப்பட்ட வீடு மாதிரியான கல்லறைகள், நூல் பிடித்தது போன்ற நேரான தெருக்களில் வரிசையாக நிற்கின்றன. தூஃபோ கல் பாளங்களை ஒன்றுக்கு மேல் ஒன்று சற்றே உள்நீட்டி அடுக்கிக் கூரை அமைத்திருக்கிறார்கள். உள்ளே இறந்தவர்களைக் கிடத்தக் கல் திண்ணைகள். ஒவ்வொரு வாசல் நிலைக்கல்லிலும் ஒரு வரி வெட்டியிருக்கும். 'மி' என்று தொடங்கும். எட்ரஸ்கத்தில் அதற்கு 'நான்' என்று பொருள். கல்லறையே பேசுகிறது: 'நான் இன்னாருடையது' என்று. பின்னால் குடும்பப் பெயரோடு சேர்ந்த பெயர்.

இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, கல்லறைகள் ஏறக்குறைய ஒரே அளவு. மற்ற எட்ரஸ்க நகரங்களில் பெருங்குடும்பங்கள் மலைபோல் மண்மேடு எழுப்பிக்கொண்ட அதே காலத்தில், இங்கே பக்கத்து வீட்டுக்காரனைவிடப் பெரிதாகக் கட்ட யாருக்கும் அனுமதி இருந்ததாகத் தெரியவில்லை. யாரோ திட்டம் போட்டு மனை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது, அந்தப் பெயர்கள். எல்லாமே எட்ரஸ்கப் பெயர்கள் அல்ல. பிற இத்தாலிய இனங்களின் வேர் கொண்ட பெயர்கள் இருக்கின்றன. கட்டாசினா என்ற குடும்பப் பெயரைக் கெல்ட்டிய வேரோடு இணைக்கிறார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள் குடும்பப் பெயர் பெற்று, மற்றவர்களுக்குச் சமமான கல்லறையும் பெற்ற ஊர் இது. ஏதென்ஸின் குடுவைகள், அதிலும் எக்ஸீகியாஸ் போன்ற பெரிய கலைஞரின் கைவண்ணம் என்று கருதப்படுபவை, இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. பேராலயத்துக்கு எதிரே இருக்கும் ஃபைனா அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம்.

எட்ரஸ்கரின் பன்னிரண்டு நகரங்களும் கூடிய கோயில் இங்கேதான் இருந்ததா?

ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, எட்ரஸ்க நகரங்களின் தலைவர்கள் வோல்தும்னா என்ற தெய்வத்தின் கோயிலில் கூடியதாகப் பலமுறை எழுதுகிறார். எங்கே என்று மட்டும் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவர் காலத்து வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும், சொல்லத் தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. நமக்குத்தான் கஷ்டம்.

2000-ஆம் ஆண்டிலிருந்து பாறையின் மேற்கடியில் காம்போ தெல்லா ஃபியேரா என்ற இடத்தில் சிமோனெட்டா ஸ்தொப்போனி என்ற பேராசிரியரின் தலைமையில் அகழாய்வு நடந்துவருகிறது. 'சந்தைத் திடல்' என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். மத்திய காலத்தில் சந்தை கூடிய இடம். கோயில்களின் அடித்தளங்கள், அகலமான ஊர்வலப் பாதை, பலிபீடம், காணிக்கைகள் எல்லாம் கிடைத்தன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமானியர் காலம் தாண்டி மத்திய காலத் தேவாலயம் வரை ஒரே இடத்தில் வழிபாடு தொடர்ந்திருக்கிறது. அந்தக் கோயில் இதுதான் என்று எழுதி ஒட்டிய கல் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும், இதைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை என்பது பலர் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வருகிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில், கான்ஸ்டன்டைன் பேரரசர் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில், உம்பிரியாவின் ஸ்பெல்லோ ஊர்க்காரர்கள் ஒரு மனு போட்டார்கள். வருடா வருடம் திருவிழாவுக்கு வோல்சீனிக்குப் போவது மலைப்பாதையில் பெரும் சிரமம், எங்கள் ஊரிலேயே நடத்திக்கொள்ள அனுமதி வேண்டும் என்று. பேரரசர் அனுமதித்தார். பதில் கல்வெட்டாக ஸ்பெல்லோவில் இருக்கிறது. வோல்சீனி அழிந்து 600 ஆண்டுகள் ஆன பிறகும் திருவிழாவுக்கு மட்டும் ஊர் ஊராக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

வருடத்துக்கு ஒரு ஆணி அடிப்பார்களாமே?

ஆமாம். வோல்சீனியில் நோர்ட்சியா என்ற விதித் தெய்வத்தின் கோயிலில் வருடத்துக்கு ஒரு ஆணி அடித்து ஆண்டுகளை எண்ணினார்கள் என்று லிவி குறிப்பிடுகிறார். நாட்காட்டியும் சடங்கும் ஒன்றான ஏற்பாடு. கோயில் எங்கே இருந்தது என்பது இன்னும் பிடிபடவில்லை.

அடிமைகள் ஆட்சியைப் பிடித்ததால் ஊர் அழிந்தது என்ற கதை உண்மையா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. முதலில் கதை.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் எட்ரஸ்க நகரங்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தது. கி.மு. 294-இல் வோல்சீனி, பெருசியா, அரேத்சியோ மூன்றும் பெரும் தண்டம் கட்டி 40 ஆண்டுச் சமாதானம் வாங்கின. ஆனால் கி.மு. 280-லேயே வோல்சீனியை வென்றதாக ஒரு ரோமானியத் தளபதி வெற்றி ஊர்வலம் போயிருக்கிறார். சமாதானத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

அதன் பிறகு நடந்ததாகச் சொல்லப்படுவது இது. வசதி பெருகிய வோல்சீனிப் பெரிய மனிதர்கள், நிர்வாகத்தையும் படையையும் பணியாட்களிடம் விட்டுவிட்டார்கள். அவர்கள் விடுதலை பெற்று, எஜமானர் வீட்டுப் பெண்களை மணந்து, ஆட்சிமன்றத்திலும் பதவிகளிலும் உட்கார்ந்துவிட்டார்கள். பழைய பெரிய மனிதர்கள் ரகசியமாக ரோமுக்குத் தூது அனுப்பினார்கள். விஷயம் வெளியே போகக் கூடாது என்று ரோமானிய செனட் இரவில் ஒரு தனி வீட்டில் கூடியது. கெட்ட நேரம், அந்த வீட்டில் விருந்தாளியாக வந்து நோயில் படுத்திருந்த ஒரு சாம்னைட் இனத்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். தூதர்கள் ஊர் திரும்பியதும் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார்கள். ரோம் படை அனுப்பியது. கி.மு. 265-இல் படை நடத்திவந்த கான்சல் (ரோமின் தலைமை அதிகாரி) ஃபாபியஸ் காயம்பட்டு இறந்தார். முற்றுகை நீண்டது, பட்டினி வந்தது, பாறை சரணடைந்தது. கி.மு. 264-இல் கான்சல் மார்க்கஸ் ஃபுல்வியஸ் ஃபிளாக்கஸ், ஆட்சியைப் பிடித்தவர்களைச் சவுக்கால் அடித்தே கொன்றார், நகரை இடித்தார், பழைய குடிமக்களை வேறிடத்தில் குடியேற்றினார்.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்பவர் சோனாரஸ். அவர் கி.பி. 12-ஆம் நூற்றாண்டு பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசுத்) துறவி. நடந்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். காஸியஸ் டயோ எழுதிய, நமக்கு முழுதாக வந்துசேராத வரலாற்றைச் சுருக்கித் தருகிறார். டயோவுமே நிகழ்ச்சிக்கு 400 ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர். அழிவு நடந்தது சந்தேகமில்லை. 'அடிமைகள்' என்ற சொல்லில்தான் எனக்குச் சந்தேகம்.

ஏன் என்றால், சந்தைத் திடலில் கிடைத்த ஒரு கல். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த, ஒரு சிலையைத் தாங்கிய அடிக்கல். அதில் கனுத்தா என்ற பெண் தன் பெயரில் தெய்வங்களுக்குக் காணிக்கை கொடுத்ததாக வெட்டியிருக்கிறது. அவள் லரெசேனா குடும்பத்திலிருந்து விடுவிக்கப்பட்டவள், அரன்த் பினியேயின் மனைவி. அதாவது, ஊர் அழிவதற்கு இரண்டரை நூற்றாண்டு முன்னரே, அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒரு பெண் நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, நாடே கூடும் கோயிலில் தன் பெயரைப் பொறித்துச் சிலை வைக்கிறாள். ரோமானிய எழுத்தாளர்களைத் திடுக்கிட வைத்த அதே விஷயம், இங்கே வெட்கப்படாமல் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

அப்புறம் கோலினி கல்லறை ஓவியம். 1863-இல் பாறைக்கு எதிர்க்குன்றில் கண்டுபிடிக்கப்பட்டது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டுடையது. ஒரு பக்கம் மேல்குடியினரின் விருந்து. மறு பக்கம் அந்த விருந்துக்கான சமையலறை. தொங்கும் மாட்டிறைச்சி, இறைச்சி வெட்டுபவர், பாத்திரத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருப்பவர், பக்கத்தில் அவருக்காகக் குழல் ஊதும் ஒருவர். அந்தப் பணியாளர்களின் பக்கத்திலும் எழுத்துகள் இருக்கின்றன. சமையலறை ஆட்களைப் பெயரற்றவர்களாக விட்டுவிடவில்லை. ஓவியங்களைப் பெயர்த்து ஊரின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஆக, நடந்தது அடிமைகளின் கலகமா, அல்லது பல தலைமுறையாக மேலேறிவந்த ஒரு சாதாரண வகுப்பு அரசியல் உரிமை கேட்டதா? பிந்தையது என்றே நான் நினைக்கிறேன். தோற்ற பெரிய மனிதர்கள் ரோமிடம் போய் 'அடிமைகள் பிடித்துவிட்டார்கள்' என்று சொல்லியிருப்பார்கள். ரோமுக்கும் அது வசதியான காரணம்.

2,000 சிலைகள் கதை என்ன?

ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி ஒரு பழிப்பேச்சைப் பதிவு செய்கிறார். ரோமை வெறுத்ததற்காகவே பேர்போன ஸ்கெப்ஸிஸ் ஊர் மெத்ரொதோரஸ் என்ற கிரேக்கர் சொன்னது: ரோமானியர் வோல்சீனியைத் தாக்கியது அங்கிருந்த 2,000 சிலைகளுக்காக. எதிரியின் பேச்சு, எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ரோமில் சான்த் ஓமொபோனோ தேவாலயத்தின் பக்கத்தில் தோண்டியபோது ஒரு கல் பீடம் கிடைத்தது. வோல்சீனியைப் பிடித்த பிறகு கான்சல் மார்க்கஸ் ஃபுல்வியஸ் கொடுத்த காணிக்கை என்று அதில் எழுதியிருக்கிறது. மேற்பரப்பில் வெண்கலச் சிலைகளைப் பொருத்திய தடங்கள். சிலைகள் இல்லை.

சிலைகளோடு தெய்வமும் போனது. எதிரி நகரின் தெய்வத்தை 'எங்களிடம் வா, இதைவிட நல்ல கோயில் கட்டுகிறோம்' என்று அழைப்பது ரோமானியர் வழக்கம். வோல்தும்னாவை வெர்தும்னஸ் என்ற பெயரில் ரோமின் அவென்டைன் குன்றில் குடியேற்றினார்கள். அந்தக் கோயில் சுவரில் ஃபிளாக்கஸ் வெற்றி உடையில் நிற்கும் ஓவியம் இருந்ததாம்.

ஊர் இடிக்கப்பட்ட பிறகு அந்த மக்கள் என்ன ஆனார்கள்?

தென்மேற்கே ஏரிக்கரைக்கு, எளிதில் ஏறிப் பிடிக்கக்கூடிய சரிவில் குடியேற்றப்பட்டார்கள். அதுதான் புதிய வோல்சீனி, இன்றைய போல்சேனா. மறுபடி ஒரு பாறைமேல் உட்காரவிட ரோம் என்ன, முட்டாளா? அந்தப் புதிய ஊர் நன்றாகவே வாழ்ந்தது. திபேரியஸ் பேரரசரின் வலக்கையாக இருந்து, அவருக்கே ஆபத்தாக வளர்ந்து, கி.பி. 31-இல் கொல்லப்பட்ட செஜானஸ் அந்த ஊர்க்காரர்தான்.

இடையில் பாறை காலியாகவே கிடந்ததா?

கீழே கோயில் வளாகமும், பாலியா டைபரில் கலக்கும் இடத்தில் ஒரு படகுத்துறையும் ரோமானியர் காலத்தில் இயங்கின. மேலே அந்தக் காலத்துக்கு உரியது மிகக் குறைவு. மலைக்கோட்டை தேவைப்படாத காலம் அது. ரோமானிய அமைதி குலைந்ததும் ஆட்கள் மறுபடி ஏறிவிட்டார்கள்.

கி.பி. 6-ஆம் நூற்றாண்டில் கோத்தியர் என்ற ஜெர்மானிய இனத்தவர் இதைப் பிடித்து வைத்திருந்தார்கள். 538 வாக்கில் பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸ் முற்றுகையிட்டார். அவரோடு இருந்த வரலாற்றாசிரியர் புரொகோபியஸ் பாறையை வர்ணிக்கிறார்: பள்ளமான நிலத்தில் தனியே எழும்பிய குன்று, மேலே சமதளம், பக்கங்கள் செங்குத்து, அதனால் பழங்காலத்தவர் மதிலே கட்டவில்லை. கடைசியில் உள்ளேயிருந்தவர்கள் தோலைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றார்கள். ஃபிளாக்கஸ் வென்றது போலத்தான் பெலிசாரியஸும் வென்றார், பட்டினி போட்டு.

ஒரு நாள் போதுமா? எப்படி ஏறுவது?

ரோமிலிருந்து காலையில் கிளம்பினால் ஒரு நாளில் முக்கியமானவற்றைப் பார்க்கலாம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே மலை ரயில் இருக்கிறது. 1888-இல் அது தண்ணீரின் எடையால் ஓடியது: மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அது இறங்கும்போது கீழ்ப்பெட்டியை இழுத்து ஏற்றிவிடும். 1970-இல் நின்றுபோய், 1990-இல் மின்சாரத்தில் மறுபடி ஓடத் தொடங்கியது.

ஏறி இறங்கியதும் பக்கத்திலேயே சான் பத்ரீசியோ கிணறும், எட்ரஸ்கரின் பெல்வதேரே கோயிலின் மேடையும் இருக்கின்றன. கோயிலில் அடித்தளம் மட்டுமே மிச்சம், பத்து நிமிடம் போதும். நிலத்தடி குகைகளுக்கு வழிகாட்டியோடுதான் விடுவார்கள். வெயில் காலத்திலும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைத் தெருவை மாலையில் வைத்துக்கொண்டு, திரும்பும்போது மலை ரயிலை விட்டுவிட்டு நடந்தே இறங்கினால், பாறையும் களிமண்ணும் சந்திக்கிற கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழை பெய்த மறுநாள் மட்டும் செருப்போடு போகாதீர்கள், அந்தக் களிமண் வழுக்கும்.